பைய தெறக்காமலே வீட்டுக்குப் போயிட்டீங்களே, உங்களுக்கு

வணக்கம்ங்க,

போன குயில்ட் மீட்டிங்ல (துண்டுத் துணிய ஒட்டுப்போட்டு தைக்கிற போர்வைதான் குயில்ட்) கடைசி நாற்காலில, மடியில ஒரு துணிப்பைய வச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சுகிட்டு உக்காந்திருந்தீங்கல்ல, உங்களுக்குத்தான் இந்த லெட்டர். "அடுத்து யாரு காட்டப்போறீங்க?"ன்னு கேட்டதும் "இன்னும் முடியல, முடிச்சிட்டு கொண்டு வரேன்"னு சொல்லி தலைய குனிஞ்சிட்டீங்க. ஆனா பை வாய் கொஞ்சம் தெறந்துதான் இருந்துச்சு, மன்னிச்சுக்கோங்க, நான் எட்டிப் பாத்துட்டேன். நீலமும் மஞ்சளுமா நட்சத்திர பிளாக் (துண்டுகள சேத்து தச்ச சதுரம்), சுத்தி ஓரப்பட்டையா பார்டர் கூட தச்சாச்சு, அந்த பார்டர் பாவாடை கொசுவம் மாதிரி அலை அடிக்குது.

அந்த அலைதான் என்ன எழுத வச்சது.

முடிச்சிட்டு கொண்டு வந்தா என்ன நடக்கும்னு நீங்களே பாத்தீங்கல்ல? ரெண்டு பேர் மூலைய புடிச்சு தூக்குவாங்க, விரலும் பாதமும் மட்டும் தெரியும், எல்லாரும் "ஆஹா"ம்பாங்க, யாராவது ஒருத்தர் "பின்பக்கம் திருப்புங்க"ன்னு கத்துவாங்க (பெரும்பாலும் நான்தான், எனக்கு பின்பக்கம்தான் உயிர்), இன்னொரு ஆஹா, மடிச்சு வச்சிடுவோம். மேல பிளாக்கெல்லாம் சேந்த டாப், நடுவுல பஞ்சு விரிப்பா பேட்டிங், அடியில துணியா பேக்கிங்னு மூணையும் சேத்து தச்சு, ஓரத்த மூடுற பைண்டிங்கும் போட்டப்புறம் வேற என்னத்த சொல்றது, பிரிச்சிட்டு வாங்கன்னா சொல்ல முடியும்?

பாதியில கொண்டு வர்றவங்களுக்குத்தான் நிஜமான உதவி கிடைக்குது. ஒருத்தங்க இன்னும் ஒண்ணோட ஒண்ணு தைக்காத பிளாக்க எல்லாம் தரையில பரப்பினாங்க, பத்து பேர் சுத்தி நின்னு பாத்தும் என்னமோ இடிக்குது, என்னன்னு புரியல. போன்ல போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையா மாத்தினதும் பளிச்சுனு தெரிஞ்சுது, அடர் கலர் பூரா ஒரே மூலையில குமிஞ்சிருக்கு, போதாததுக்கு ஒரு பிளாக் தலகீழா வேற கிடக்கு. மூணு நிமிஷத்துல மாத்தி வச்சாச்சு. இதே தச்சு முடிச்சப்புறம்னா அழுகைதான்.

உங்க பார்டர் விஷயம் என்னன்னா, நீளமா பட்டைய வெட்டி ஓரத்துலயே வச்சு தச்சுகிட்டே போயி கடைசில மிச்சத்த நறுக்கியிருப்பீங்க. நானும் மொத ரெண்டு குயில்ட்டுக்கு அதத்தான் பண்ணேன். கைபட்டு கைபட்டு ஓரம் இழுபட்டுப் போயிருக்கும், நடுவ அளந்தா அத விட கம்மியா இருக்கும், ஓரத்து நீளத்துக்கு பட்டை போட்டா அலை அடிக்காம என்ன பண்ணும். நடுவுல, அப்புறம் ரெண்டு எடத்துல அளந்து சராசரி எடுத்து, அந்த அளவுக்கே பட்டைய வெட்டிக்கணும், மொதல்ல நடுவயும் ரெண்டு முனையவும் பின் குத்திட்டு அப்புறம் தைக்கணும். அவ்ளோதான்.

உங்க நட்சத்திரத்து முனை மழுங்கியிருந்ததையும் பாத்தேன், அது சீம் வேலை, அதாவது ரெண்டு துணிய சேக்கற தையல்ல ஓரத்துல விடற துணி. கால் இஞ்ச் விடணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பதினாறுல ஒரு பங்கு இஞ்ச் அதிகமா விட்டா கூட ஒரு சீமுக்கு ரெண்டு துணியிலயும் சேத்து எட்டுல ஒரு பங்கு போச்சு, எட்டு சீம் வந்தா முழுசா 1 இஞ்ச் காணாம போயிடும். ஒரு துண்டு துணிய தச்சு அளந்து பாத்துட்டு ஆரம்பிங்க.

அப்புறம் அந்த குயில்ட் போலீஸ பத்தி. எல்லா குரூப்லயும் ஒருத்தர் இருப்பாங்க, கோடு நேரா இல்லன்னு கண்ண சுருக்குவாங்க, அதுக்கு பயந்துதான் நீங்க பைய தெறக்கலன்னு எனக்கு ஒரு டவுட். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், அங்க இருக்கற கருப்பின பெண்கள் பழைய வேலை உடுப்ப கிழிச்சு தச்ச குயில்ட்ல கோடு இஷ்டத்துக்கு வளையும், 2002ல ஹூஸ்டன், நியூயார்க் மியூசியம் சுவத்துல மாட்டினாங்க, 2006ல அமெரிக்க தபால்துறை ஸ்டாம்பே போட்டுச்சு. அதனால கோணலுக்கு வெக்கப்படாதீங்க. ஆனா கோணல் வேற அலை வேற, இத மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன். கோணல் படுத்துக்கும், அலை படுக்காது, தையல் மெஷின்ல போட்டா மடிப்பு மடிப்பா மாட்டிக்கும்.

அதனால பேட்டிங் வச்சு பின் குத்திடாதீங்க, டாப்ப மட்டும் அப்படியே கொண்டு வாங்க. காட்டும்போது "இங்க தப்பு, அங்க தப்பு"ன்னு ஆரம்பிக்காதீங்க, நான் மொத தடவை ஏழு தப்பு வரிசையா சொன்னேன், அதுல ஆறு யார் கண்ணுலயும் பட்டிருக்காது. தையல் பிரிக்கிற ஊசி ரெண்டு எடுத்துட்டு வரேன், பார்டர ஒரு பக்கம் நான் பிரிக்கிறேன் ஒரு பக்கம் நீங்க பிரிங்க, மூணு வருஷமா முடிக்காம வச்சிருக்கற என்னோட லாக் கேபின் டிசைன் குயில்ட்டயும் அன்னிக்கே காட்டிடறேன். தூக்கிப் புடிக்கும்போது வலது மூலை என்னோடது, நான் குட்டை, கொஞ்சம் சாஞ்சுதான் தெரியும்.