பழைய தோட்ட டிராக்டருக்கு எந்த ஆயில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய தோட்ட டிராக்டர் வாங்கும் நம்மவர் சிலர், அதன் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பெட்டியில் (பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தத்தால் சக்கரங்களை ஓட்டும் பெட்டி) கைக்குக் கிடைத்த ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். பழைய கப் கேடட் பிராண்டு வண்டிகளுக்கு ஹை-டிரான் என்ற ஆயில், ஹைட்ரோ-கியர் நிறுவனப் பெட்டிகள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50 தர எஞ்சின் ஆயில் எனத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், பெட்டியின் மாடல் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும் (விலை கூடுதல்தான், பம்ப் மாற்றும் செலவில் அது தூசு). வடித்த ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். ஃபில்டர் உள்ள வண்டியில் அதையும் மாற்றி, ஆயில் நிரப்பி, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, கையேட்டில் சொன்னபடி முன்னும் பின்னுமாக மெல்ல இயக்கி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லையேல் பம்ப் ஊளையிடும், வண்டி மேட்டில் திணறும். காற்று வெளியேறியதும் ஆயில் மட்டம் இறங்கும் என்பதால் மறுபடி பார்த்து நிரப்புவது அவசியம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ஸ்கார்பரோ, கனடா