பெட்ட எண்ணி ஆள் போடாதீங்க, வேலைய அளந்து போடுங்க: சுகாதாரத்துறை செயலாளருக்கு கோரிக்கை மனு

அனுப்புநர்: ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு, அரசு மருத்துவமனை

பெறுநர்: உயர்திரு. செயலாளர் அவர்கள், சுகாதாரத்துறை

பொருள்: அரசு மருத்துவமனைகள்ல பணிச்சுமைய அளக்க ஆய்வு நடத்தி, அதுபடி பணியிடம் நிர்ணயிக்கக் கோருதல் சம்பந்தமா

ஐயா,

வணக்கம். ஆள் பத்தலன்னு மனு வராத நாளே உங்க ஆபீஸ்ல இருக்காதுன்னு தெரியும், அதுல ஒண்ணா இதையும் கட்டி வச்சிடாதீங்கய்யா. நான் மொதல்ல கேக்கறது போஸ்ட் இல்ல. எத்தனை போஸ்ட் வேணும்னு ஒழுங்கா அளந்து பாக்க ஒரு ஆய்வு வேணும், அது சொல்ற கணக்குப்படிதான் ஆள் போடணும்னு ஒரு உத்தரவும் வேணும்.

இப்ப பெட்ட எண்ணித்தான் ஆள் போடறாங்க. ஆனா நாளைக்கு டிஸ்சார்ஜ் ஆகப்போறவர் படுத்திருக்கறதும் ஒரு பெட்டுதான், மணிக்கொருதரம் பிபி, யூரின் அளவு எல்லாம் எழுத வேண்டியவர் படுத்திருக்கறதும் ஒரு பெட்டுதான். ரெண்டுக்கும் வேலை ஒண்ணா? நைட் ட்யூட்டில ஒருத்தருக்கு ரத்தம் ஏத்த ஆரம்பிச்சா மொதல் 15 நிமிஷம் நர்ஸ் பக்கத்துலயே நிக்கணும், நடுக்கமோ மூச்சுத்திணறலோ உடம்புல தடிப்போ வந்தா அந்த நிமிஷமே நிறுத்தணும், ஏன்னா ஆபத்தான ரியாக்‌ஷன் பல நேரம் அந்த ஆரம்பத்துலதான் தலைகாட்டும். சரியா அந்த நேரம் பாத்து கடைசி பெட்ல சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு எறங்குதுன்னு கூட இருக்கறவங்க ஓடி வருவாங்க. வார்டுல இருக்கறது ஒரு நர்ஸ், அவங்க எதை விட்டுட்டு எங்க ஓடறது? பேப்பர்ல பாத்தா அந்த வார்டுக்கு ஆள் போதும்னுதான் இருக்கும்.

பேப்பர் கணக்கு எங்க இடிக்குதுன்னா, மூணு ஷிப்டுக்கு மூணு பேர்னு நெனைக்கறாங்க. வருஷத்துக்கு 365 நாள், நாளுக்கு 3 ஷிப்டுன்னா 1,095 ஷிப்ட். ஒரு நர்ஸ் வாரம் ஆறு நாள் வந்தா 312 நாள், அதுல லீவு, பண்டிகை, உடம்பு சரியில்லாதது, டிரெய்னிங் எல்லாம் சேத்து ஒரு 50 நாள் கழிச்சா மிச்சம் 262. வகுத்துப் பாத்தா ஒரே ஒரு நர்ஸ் 24 மணி நேரமும் வார்டுல நிக்கணும்னாலே நாலு பேருக்கு மேல வேணும்யா. பிரசவ லீவு, டெபுடேஷன்ல வேற எடத்துக்கு அனுப்பறது, நிரப்பாத காலியிடம் எதுவும் இந்தக் கணக்குல இல்ல. மூணு பேர் போட்டா அந்த நாலாவது ஆளோட வேலைய மூணு பேர் ஆஃப் எடுக்காம, டபுள் ட்யூட்டி பாத்து செஞ்சுகிட்டு இருப்பாங்க, வெளில இருந்து பாக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி நல்லாத்தான் ஓடற மாதிரி தெரியும்.

இதை அளக்க புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே பணிச்சுமைய வச்சு ஆள் கணக்கு போட டபிள்யூ.ஐ.எஸ்.என்.னு ஒரு முறை வச்சிருக்காங்க, 1998ல மேனுவல் வந்துச்சு, 2010ல திருத்தி எளிமையாக்கினாங்க. ஒருத்தர் வருஷத்துல நெசமா வேலை செய்யக் கெடைக்கற நேரம் எவ்வளவு, ஒவ்வொரு வேலையையும் முறையா செஞ்சா எவ்வளவு நேரம் ஆகும், வருஷத்துக்கு அந்த வேலை எத்தனை தடவை வருது, இத வச்சு தேவைப்படற ஆள் கணக்க எடுத்து, இருக்கற ஆள் எண்ணிக்கைய அதால வகுத்துப் பாக்கறாங்க. 1க்கு கீழ வந்தா ஆள் கம்மி, மேல வந்தா அதிகம். அதிகம்னு வந்தா அங்க இருந்து எடுத்து இல்லாத எடத்துக்கு குடுங்க, நாங்க யாரும் மறுப்பு சொல்லல.

ஆள் போட்டா செலவுன்னு ஃபைனான்ஸ்ல திருப்பி அனுப்புவாங்கன்னு தெரியும், அதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 2002ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரி டேட்டாவ வச்சு லிண்டா ஐகன்ங்கற நர்சிங் ஆராய்ச்சியாளரோட குழு பாத்தாங்க, ஒரு நர்ஸுக்கு ஒரு சர்ஜரி பேஷண்ட் கூடினா 30 நாளுக்குள்ள பேஷண்ட் செத்துப்போற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல 2016ல பகல்ல சராசரியா 4 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், நைட்ல 7 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்னு சட்டம் போட்டாங்க. அது நடைமுறைக்கு வந்த ஆஸ்பத்திரியையும் வராததையும் ஒப்பிட்டு 2021ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ரிசல்ட் வந்துச்சு. ஒரு நர்ஸ் பாக்கற பேஷண்ட் எண்ணிக்கை கொறஞ்ச எடத்துல சாவு கொறஞ்சுது, திரும்பி வந்து அட்மிட் ஆகறது கொறஞ்சுது, படுத்திருக்கற நாளும் கொறஞ்சுது, கூடுதல் நர்ஸுக்கு ஆன செலவ விட மிச்சமானது ரெண்டு மடங்குக்கும் மேல. ஆள கொறச்சு நடத்தறதுதான் சிக்கனம்ங்கறது என்னைப் பொறுத்தவரை தப்பான கணக்குய்யா.

ஆய்வுல நர்ஸ மட்டும் அளந்தா பத்தாது, லேப் டெக்னீஷியன், பார்மசிஸ்ட், வார்டு வேலை பாக்கறவங்க, டாக்டருங்க எல்லாரையும் சேக்கணும். ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லன்னா நர்ஸ்தான் தள்ளணும், அந்த நேரம் ஊசி போட யாரும் இல்ல. எழுத்து வேலையையும் தனியா அளக்கணும், பிபி, நாடி, காய்ச்சல் மாதிரி ஒரே வைட்டல்ஸ கேஸ் ஷீட்ல எழுதி, ரெஜிஸ்டர்ல எழுதி, திரும்ப கம்ப்யூட்டர்லயும் ஏத்தறோம். அமெரிக்காவுல 2016ல ஒரு ஆய்வுல டாக்டர் ஒரு மணி நேரம் பேஷண்டோட இருந்தா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கம்ப்யூட்டர், டெஸ்க் வேலைக்கு போகுதுன்னு வந்துச்சு. புது சாஃப்ட்வேர், புது ரிப்போர்ட் கொண்டு வர்றதுக்கு முன்னாடி அது எத்தனை நிமிஷம் தின்னுதுன்னு ரெண்டு வார்டுலயாவது போட்டுப் பாருங்க, பழைய ரெஜிஸ்டர நிறுத்தாம புதுச கொண்டு வராதீங்க.

டிஸ்சார்ஜ் விஷயமும் இதுல சேரும். காலைல ரவுண்ட்ஸ்ல வீட்டுக்கு போலாம்னு சொன்னவர் டிஸ்சார்ஜ் சம்மரி வராம சாயங்காலம் வரைக்கும் பெட்லயே உக்காந்திருப்பார், கீழ கேஷுவாலிட்டில ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்லயே காத்துகிட்டு இருப்பார். நாளுக்கு 10 அட்மிஷன், சராசரி 4 நாள் தங்கினா 40 பெட் வேணும், அதையே மூணரை நாளாக்கினா 35 போதும். அஞ்சு பெட்ட கட்டடம் கட்டாமலே மிச்சம் பண்ணலாம்னா சம்மரி டைப் பண்ண ஒரு ஆள் போடறது பெரிய செலவா?

வேலைய விட்டுட்டு போறவங்கள ஏன் போறீங்கன்னு கேட்டு எழுதி வைக்க ஒரு ஏற்பாடு வேணும். வேலைச்சுமையில மனசும் உடம்பும் சோர்ந்து போற பர்ன் அவுட்ட வேலையால வர்ற நிலைன்னு 2019லயே உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி. 11ங்கற சர்வதேச நோய்ப் பட்டியல்ல வரையறுத்துட்டாங்க. அனுபவப்பட்ட சிஸ்டர் ஒருத்தர் போனா அந்த எடத்துக்கு ஆர்டர் போடலாம், அனுபவத்த ஆர்டர் போட்டு வர வைக்க முடியாது.

அதனால தயவு செஞ்சு ஆறு மாசத்துக்குள்ள சின்னது, நடுத்தரம், பெரியதுன்னு எல்லா வகை ஆஸ்பத்திரியிலயும் இந்த ஆய்வ நடத்த உத்தரவிடணும், நைட் ஷிப்டையும் லீவு நாளையும் கட்டாயம் சேத்து அளக்கணும், ஏன்னா மத்தியான நேரத்துல வந்து பாத்துட்டு போனா எந்த வார்டும் சமாளிக்கற மாதிரிதான் தெரியும். ஆய்வுக் குழுவுல வார்டுல வேலை செய்யறவங்களும் இருக்கணும், நெசத்த சொன்னதுக்காக யாருக்கும் மெமோ, டிரான்ஸ்பர் வரக்கூடாதுன்னு எழுத்துல குடுக்கணும். ரிசல்ட்ட எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடணும். அது வர்ற வரைக்கும் ஏற்கனவே சாங்ஷன் ஆகி காலியா கெடக்கற எடத்த நிரப்பறத நிறுத்தி வைக்காதீங்க, ஆய்வு நடக்குதுன்னு சொல்லி அதையும் தள்ளிப்போட்டா நாங்க கேட்டதே எங்களுக்கு எதிரா திரும்பிடும்.

இந்த மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எழுத்துப்பூர்வமா பதில் குடுக்கும்படி கேட்டுக்கறேன். வார்டு ரோஸ்டர், ட்யூட்டி சார்ட் எது வேணும்னாலும் காட்டத் தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டு