இணையத்தில் உள்ள சட்டம் எந்தத் திகதி வரைக்குமானது?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் 31 வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். சட்டப் புத்தக அலுமாரிகள் இருந்த இடத்துக்கு இப்போது கணினி வருகிறது. அதை நான் எதிர்க்கவில்லை. முன்பு ஒரு தீர்ப்பைப் பார்க்க ராத்திரி ரயிலேறிக் கொழும்புக்குப் போய், பிரதி எடுத்துக்கொண்டு அடுத்த ராத்திரி திரும்புவேன். இப்போது அது ஐந்து நிமிட வேலை. ஆனால் திரையில் வருவதுதான் இன்றைய சட்டம் என்று யார் பொறுப்பு நிற்பது?

2017 மார்ச்சில் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். 1990 இல் இடம்பெயர்ந்தவர். பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி கையில். விட்டுவந்த காணியை 1996 முதல் வேறொருவர் வேலியடைத்துப் பயிர்செய்கிறார். எங்கள் சட்டத்தரணி ஐயா அன்று வழக்கில் நின்றதால், புதிதாகச் சேர்ந்திருந்த இளம் சட்டத்தரணி மிஸ்தான் பேசினார். ஓர் இணையத்தளத்தைத் திறந்து 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை அச்செடுத்தார். பிரிஸ்கிரிப்ஷன் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். “21 வருடமாயிற்று அம்மா, இனி ஒன்றும் செய்ய ஏலாது” என்றார் மிஸ். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. உறுதியை மடித்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அலுமாரியிலிருந்து பழைய சட்டத் தொகுதியை எடுத்து விரித்தேன். பக்க ஓரத்தில் ஐயாவின் சிவப்பு மை: “5/2016 பார்க்க.” அதே பக்கத்தில் அதற்கு முந்தைய வருடம் நானே செருகிய தாள்கள் இருந்தன. உப்புக்காற்றில் குண்டூசி துருப்பிடித்து மூலையில் கறை இறங்கியிருந்தது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணி உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்தப் பத்து வருடக் கணக்கில் சேராது என்றது அந்தச் சட்டம். அதைக் கழித்துப் பார்த்தால் எட்டு வருடம்கூட நிறையவில்லை. படலை தாண்டிப் போய்விட்ட அம்மாவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன்.

இதில் மிஸ்ஸைக் குறை சொல்ல மாட்டேன். 2016 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் வாசகத்தில் கைவைக்கவில்லை. தனியே நின்றுகொண்டு அதன் கணக்கை மாற்றியது. எனவே பழையதன் கீழே “இதையும் பார்க்க” என்று யாராவது எழுதிவைத்தால்தான் தெரியவரும். எங்கள் புத்தகத்தில் ஒருவர் எழுதி வைத்திருந்தார். இணையத்தில் யாரும் எழுதவில்லை. எந்தத் திகதி வரை அந்தப் பக்கம் சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பும் அங்கே இல்லை.

தமிழ்ப் பிரதிகளின் நிலை இன்னும் கவலை. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். ஆனால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான சட்டங்களில் “காணி” என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. வெட்டி ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். ஸ்கான் செய்து போட்ட பழைய தீர்ப்புகளிலோ 3 எது, 8 எது என்று கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரச அதிகாரத்தோடு அச்சான சட்டநூலை மெய்யானதென்று நீதிமன்றம் ஊகிக்கும்படி 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. யாரோ தட்டச்சுச் செய்து ஏற்றிய பக்கத்தை அதே நம்பிக்கையோடு எப்படி எடுப்பது? அமெரிக்காவில் 2011 இலேயே இதற்கென ஒரு மாதிரிச் சட்டம் எழுதினார்கள். மாநில அரசு தன் சட்டத்தை மின்வடிவில் வெளியிட்டு அதையே அதிகாரபூர்வப் பிரதி என்று சொன்னால், அது மாற்றப்படாதது என்று வாசிப்பவர் சரிபார்க்க வழிசெய்ய வேண்டும், நிரந்தரமாகப் பாதுகாக்கவும் வேண்டும். அதே நாட்டில் 2023 இல், செயற்கை நுண்ணறிவு கற்பனையாகச் சொன்ன ஆறு தீர்ப்புகளை நியூயோர்க் நீதிமன்றத்தில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. இங்கேயும் இளையவர்கள் கைபேசியில் கேட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். தீர்ப்பின் பெயரோடு தொகுதியும் பக்கமும் சொல்லுங்கள், எடுத்துப் பார்க்கலாம் என்பேன்.

தாளும் அழியும். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததையும் 2004 இல் கடல் எங்கள் கரையோரத்தில் எத்தனை உறுதிகளைக் கொண்டுபோனது என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் மின்பிரதி நம்பத்தக்கதாக வேண்டும் என்கிறேன். நீதி அமைச்சிடம் கேட்பது பெரிய காரியமில்லை: ஒவ்வொரு சட்டத்தின் தலையிலும் “இன்ன திகதி வரை” என்ற ஒரு வரி, அதைப் பாதிக்கும் மற்றச் சட்டங்களின் இலக்கம், தேடக்கூடிய தமிழ் எழுத்து. அதுவரை சட்ட நூலகப் பொறுப்பாளர்கள் புத்தகத் தொகுதிகளைக் கழிக்கக் கூடாது.

அதே இணையப் பக்கத்தைப் போன கிழமையும் திறந்து பார்த்தேன். 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழே 2016 பற்றி இன்னும் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
எழுதுவினைஞர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.