சந்தா கட்டிக்கொண்டிருந்த வீட்டை இடித்தது குறித்து

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 12.09.2025

பொருள்: உங்கள் ஆன்லைன் விளையாட்டில் 'மருதாணி' என்ற என் கதாபாத்திரத்தின் வீடும் அதிலிருந்த பொருட்களும் முன்னறிவிப்பின்றி அழிக்கப்பட்டது – மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஜூன் மாதத்திலிருந்து உங்கள் விளையாட்டில் கணக்கு வைத்திருக்கிறேன். மாதச் சந்தா 399 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி யுபிஐ ஆட்டோபே மூலம் எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அப்படிச் சந்தா நடப்பில் இருக்கும்போதே, ஆகஸ்ட் 1 அன்று எங்கள் வீட்டை இடித்து, உள்ளே இருந்த சாமான்கள் அத்தனையையும் அழித்துவிட்டீர்கள். மூன்று முறை எழுதினேன். உருப்படியான பதில் இல்லை. அதனால்தான் இந்த முறை எல்லாவற்றையும் விரிவாகத் தமிழிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து இதை ஒரு மனிதர் படிக்க வேண்டும்.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஷட்டரை இறக்கி, கணக்கை முடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்காரும்போது இரவு பத்தே முக்கால் ஆகிவிடும். பதினொன்றரை வரை ஆடுவேன், அவ்வளவுதான். நான்கு வருடத்தில் என் லெவல் 47. பலர் கூடிப் பெரிய எதிரியைத் தாக்கும் ரெய்டுக்கு ஒருநாளும் போனதில்லை. 'உங்கள் வசதிப்படி, உங்கள் வேகத்தில் ஆடுங்கள்' என்று உங்கள் விளம்பரம் சொன்னது. என்னைப் போன்றவர்களைத்தான் சொல்கிறார்கள் என்று நம்பிச் சேர்ந்தேன்.

என்னைச் சேர்த்துவிட்டது என் மகள். 2021 ஊரடங்கில் பள்ளிக்கூடம் இல்லை, பத்தாம் வகுப்புக்கு வீட்டிலேயே பாடம். எனக்கோ மருந்துக்கடை என்பதால் ஒருநாளும் லீவு இல்லை. பகல் முழுவதும் மாஸ்க்கும் ஃபேஸ் ஷீல்டுமாகக் கல்லாவில் நின்றுவிட்டு வருபவனை அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அப்பா, நீங்க பின்னாடி நின்னு மருந்து மட்டும் குடுங்க, சண்டையை நான் பாத்துக்கறேன்" என்றாள். அப்படித்தான் நான் ஹீலர் ஆனேன். மருதாணி என்பது அவள் வைத்த பெயர். அவளுடைய பாத்திரத்தின் பெயர் குருவி.

2024-இல் அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போய்விட்டாள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையிடம் போனில் என்ன பேச முடியும்? சாப்பிட்டாயா, படிக்கிறாயா, பணம் வேண்டுமா என்று கேட்பேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் விளையாட்டில் ஏரிக்கரையில் எங்களுக்கு ஒரு வீடு இருந்ததே, அங்கே வந்தால் அவள் தானாகப் பேசுவாள். தோட்டத்தில் மூலிகை பறித்துக்கொண்டே, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி, லேபில் உடைத்த கண்ணாடிக் குழாயைப் பற்றி, ஒரு தோழியோடு வந்த மனத்தாங்கலைப் பற்றி. எதிரே முகம் இல்லாததாலோ என்னவோ, போனில் சொல்லாததையெல்லாம் அங்கே சொன்னாள். அந்தத் தோட்டத்துக்காக 1,299 ரூபாய் கொடுத்து நில விரிவாக்கம் வாங்கினேன். ரசீது இணைத்திருக்கிறேன்.

அந்த வீட்டில் ஓர் ஊஞ்சல் இருந்தது. கடையில் வாங்கியது இல்லை. என் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக மகள் செய்தது. அதற்கு அறுபது கருங்கட்டை வேண்டும். வடக்கு மலைக் காட்டில் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வெட்ட முடியாது என்பது உங்கள் விதி. செமஸ்டர் பரீட்சை நடுவில் இருபது நாள், தினம் கால் மணி நேரம் வந்து வெட்டிச் சேர்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பிறந்தநாள் இரவு வழக்கம்போல் உள்ளே வந்தேன். திண்ணையில் ஊஞ்சல் தொங்கியது, பலகையில் 'மருதாணி உட்காரும் இடம்' என்று பொறித்திருந்தது. மருதாணியை அதில் உட்கார வைத்துவிட்டு, நான் இங்கே பெரம்பூரில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அழித்தது அதை.

நடந்தது இதுதான். ஜூலை 2-ஆம் தேதி காலையில் என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது 79. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது. பதினாறு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் படுக்கை. ராத்திரியில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். ஆகஸ்ட் 17 வரை நான் விளையாட்டுப் பக்கமே வரவில்லை. மகளுக்கும் அப்போது பரீட்சை, லீவில் வந்தபோது தாத்தாவோடுதான் இருந்தாள்.

ஆகஸ்ட் 17 இரவு உள்ளே வந்தால், ஏரிக்கரையில் வேறு யாருடைய வீடோ நிற்கிறது. வழி தவறிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பாலம் அதே பாலம், இலவ மரம் அதே இலவ மரம். வீடு மட்டும் இல்லை.

நான் சேர்ந்து ஆடும் குழுவான கில்டில் ஒருவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அதுவரை 90 நாள் வராதவர்களின் வீட்டைத்தான் எடுப்பீர்கள். ஜூலை 9-ஆம் தேதி விளையாட்டைப் புதுப்பித்த பேட்ச்சில் அதை 30 நாளாகக் குறைத்திருக்கிறீர்கள். அதுவும் அன்றிலிருந்து எண்ணாமல், கடைசியாக வந்த நாளிலிருந்து எண்ணி. இதை எங்கே அறிவித்தீர்கள்? விளையாட்டுக்குள் இருக்கும் தபால் பெட்டியில். உள்ளே வர முடியாதவனுக்கு உள்ளேயே கடிதம் வைத்தால் அவன் எப்படிப் படிப்பான்? இன்னொன்றும் உண்டு. அந்தத் தபால்கள் 30 நாளில் தானாக அழிந்துவிடும். ஜூலை 9-ஆம் தேதி அறிவிப்பை நான் இதுவரை கண்ணால் பார்க்கவில்லை. ஜூலை 25 எச்சரிக்கையும், ஆகஸ்ட் 1 அன்று 'வீடு மீட்கப்பட்டது' என்று வந்ததும்தான் பெட்டியில் இருந்தன. மீட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். யாரிடமிருந்து?

என் மின்னஞ்சல் முகவரி உங்களிடம் இல்லை என்று சொல்ல முடியாது. அப்பா ஆஸ்பத்திரியிலும் படுக்கையிலும் இருந்த அந்த ஆறரை வாரத்தில் உங்களிடமிருந்து பதினோரு மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. எல்லாம் விற்பனை. வீட்டை இடிக்கப் போகிறோம் என்ற எச்சரிக்கையை ஜூலை 25 அன்று உள்ளே போட்டீர்கள் அல்லவா, அதே நாளில் எனக்கு வந்த மின்னஞ்சல் 'டிராகன் வாகனங்களுக்கு 40% தள்ளுபடி, இன்னும் 6 மணி நேரம்தான்'. ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன்பே எனக்குத் தகவல் வருகிறது. ஜூலை 13 அன்று வந்தது, ஆகஸ்ட் 13 அன்றும் வந்தது. 399 ரூபாய் எடுப்பதற்கு வரும் தகவல், நான்கு வருட வீட்டை இடிப்பதற்கு ஏன் வரவில்லை?

வராதவர்களின் வீட்டை எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சர்வரில் நிலம் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம், அது புரிகிறது. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டிலேயே ஆள் வராத வீடு படிப்படியாகச் சிதிலமடையும் என்று மகள் சொன்னாள். ஆனால் அங்கே வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பது போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் 45 நாள் கெடு. அதன் பிறகு வீடு போனாலும், உள்ளே இருந்த சாமான்களை 35 நாளுக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 2020-இல் கொரோனா வந்தபோது இடிப்பதையே நிறுத்தி வைத்தார்கள். ஆட்டக்காரனுக்கும் வீட்டில் ஆபத்து வரும் என்று யோசித்து எழுதிய விதி அது. உங்களுக்கு வீடுதான் வேண்டும் என்றால் வீட்டை எடுத்திருக்கலாம். ஊஞ்சலை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கக் கூடாதா?

ஆகஸ்ட் 18 அன்று முதல் புகாரைக் கொடுத்தேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது, புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. இரண்டாவது புகாருக்கு, கடவுச்சொல்லை மாற்றுவது எப்படி என்று விளக்கம் அனுப்பினீர்கள். ஆகஸ்ட் 29 அன்று மூன்றாவது புகாருக்கு 'அழிந்த பொருட்களை மீட்பது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை' என்று வந்தது. கடந்த நவம்பரில் சர்வர் கோளாறு ஏற்பட்டபோது எல்லோருடைய கணக்கையும் ஆறு மணி நேரம் முந்தைய நிலைக்குக் கொண்டுபோனது நீங்கள்தானே? பழைய பதிவு உங்களிடம் இருக்கிறது. தேடிப் பார்க்க ஆள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுதுவதோடு எழுதுகிறேன், சர்வர் விஷயத்தையும் பாருங்கள். மார்ச் மாதம் எங்களைச் சிங்கப்பூர் சர்வரிலிருந்து ஐரோப்பாவுக்கு மாற்றினீர்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-இலிருந்தே கடலடிக் கேபிள் இருக்கிறது. நான் அழுத்துவது சர்வருக்குப் போய்வரும் நேரம், அதாவது பிங், எனக்கு 40 மில்லிசெகண்டுக்குள் இருந்தது. இப்போது 190. ஹீலருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கூடச் சண்டையிடுபவரின் உயிர் கால்வாசிக்கு வந்ததும் மருந்தை அழுத்துகிறேன், என் திரையில் பச்சை ஒளி கிளம்பி அவரிடம் போகிறது, போய்ச் சேரும்போது அவர் தரையில் கிடக்கிறார். விளையாட்டுக்குள் நடக்கும் திருவிழா நேரமும் அங்கத்தியக் கணக்குக்குப் போய்விட்டது. அவர்களுக்கு இரவு பத்து மணி என்றால் நமக்கு அதிகாலை ஒன்றரை. காலையில் கடை திறப்பவன் அந்த நேரத்தில் எப்படி வருவான்?

சந்தாவை நிறுத்தவும் பார்த்தேன். சேர ஒரு பட்டன் போதும். விலக ஏழு திரைகளைத் தாண்டவேண்டும், கடைசியில் 'மருதாணியை விட்டுவிட்டுப் போகிறீர்களா?' என்று அழுகிற முகத்தோடு ஒரு படம். கடைசியில் யுபிஐ செயலியில்தான் நிறுத்தினேன். வாடிக்கையாளரைச் சந்தாவில் சிக்க வைப்பதையும் போலி அவசரம் காட்டுவதையும் ஏமாற்று வடிவமைப்பு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்றே அறிவித்துத் தடை செய்திருக்கிறது. மொத்தம் 13 வகை. உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஊஞ்சலையும் மற்ற வீட்டுப் பொருட்களையும் என் கணக்கில் திரும்பச் சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்போது குடியிருப்பவரை எழுப்ப வேண்டாம், அவர் மீது தப்பு இல்லை. வேறு இடம் கொடுத்தால் போதும். நில விரிவாக்கத்துக்கு வாங்கிய 1,299 ரூபாயும், ஜூலை, ஆகஸ்ட் சந்தா 798 ரூபாயும் திரும்ப வேண்டும். இனிமேல் வீட்டை எடுக்கும் முன் மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்புவோம் என்று எழுத்தில் தாருங்கள். இது எனக்காக மட்டும் இல்லை. எங்கள் கில்டில் பிரசவத்துக்குப் போயிருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய வீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி.

மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், 2020-இன்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தரவேண்டும். அதுவரை காத்திருப்பேன். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அலைவதற்கு எனக்கு நேரம் இல்லைதான். ஆனாலும் போவேன்.

வீடு போனதை மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வாரமாக ஏதாவது சாக்குச் சொல்லி அவளை விளையாட்டின் டவுன் சந்தையிலேயே சந்திக்கிறேன். ஆயுத பூஜை லீவுக்கு வருகிறாள். அதற்குள் பதில் வேண்டும்.

இணைப்பு: சந்தா மற்றும் நில விரிவாக்க ரசீதுகள், மூன்று புகார்களுக்கும் வந்த பதில்கள், உங்கள் பதினோரு மின்னஞ்சல்கள், பிறந்தநாள் இரவு எடுத்த ஊஞ்சல் ஸ்கிரீன்ஷாட்.

இப்படிக்கு,
மருதாணி கணக்கின் உரிமையாளர்,
பெரம்பூர்.