அரிவாள்மணை லோடு கேஸ்

அன்புள்ள வசந்தி,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, ஆனால் படித்துவிட்டுத் திட்டு. அவர் நலம், குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது, வீட்டுக்காரர் இன்னும் தண்ணீர் மோட்டாரை மாற்றவில்லை. போதும்.

பங்குனியில் அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டை மாற்றினோம். நீ கவலைப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நேரமில்லை, அவ்வளவுதான். இப்போது நன்றாக நடக்கிறாள். வம்பே அங்கேதான் தொடங்கியது.

எட்டு வருஷமாக நான் ஆபீசில் இந்த மாதிரி ஸ்டெம்களை, தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டுகளைத்தானே கம்ப்யூட்டரில் வளைத்துக்கொண்டிருக்கிறேன்? டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டியபோது அம்மாவின் எலும்பு என் கண்ணில் படவில்லை. செயற்கை மூட்டின் கழுத்து ஸ்டெம்மோடு சேரும் அந்த வளைவுதான் பட்டது. கணக்குப் போட வடிவத்தைச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போமே, அந்த மெஷ்ஷை அங்கே பொடியாக்குவோம், அங்கேதான் ஸ்ட்ரெஸ் அதிகம் என்று திரையில் சிவப்பு தட்டும்.

ஐஎஸ்ஓ 7206 என்கிற சர்வதேசத் தரச் சோதனையில் ஸ்டெம்மின் கீழ்ப்பகுதியைச் சிமெண்டில் புதைத்து, மேலே பிடிமானம் இல்லாமல் விட்டு, 2300 நியூட்டன் வரை 50 லட்சம் தடவை அமுக்குவார்கள். மேல் எலும்பு கைவிட்டுவிட்ட நிலைமை அது. நொடிக்குப் பத்து தடவை அமுக்கினாலும் ஒரு ஸ்டெம்முக்கு ஆறு நாள் ஆகும். அதனால்தான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். எந்த சைஸ் முதலில் உடையும் என்று நாங்கள் சொன்னால், அதை மட்டும் மெஷினில் ஏற்றுவார்கள். சிவப்பெல்லாம் நிஜமும் இல்லை. சிமெண்ட் விளிம்பில் மெஷ் பொடியாகப் பொடியாக ஸ்ட்ரெஸ் நிற்காமல் ஏறும். அது நாங்கள் கட்டிப்போட்ட விதத்தின் கோளாறு. போன மாதம் சேர்ந்த பையன் அதைப் பார்த்து, "மேடம், உடைஞ்சிடுச்சு!" என்று கத்தினான். நமக்குப் பாடம் எடுத்த உலக்கை சார் இருந்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும், யோசித்துப் பார்.

சரி, ராத்திரி தூக்கம் வராமல் அம்மாவுக்கே கணக்குப் போட்டேன். 62 கிலோ. பெர்லினில் பெர்க்மான் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்திருக்கிறார்கள்: நடந்தால் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு, கால் தடுக்கினால் எட்டு மடங்குக்கும் மேல். அம்மா நடந்தால் 1500 நியூட்டன், தடுக்கினால் 4800. ஒரு தடவை தடுக்கியதற்கு டைட்டானியம் போய்விடாது, ஃபேட்டீக் என்பது திரும்பத் திரும்ப விழும் அடி. அதனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா அடுக்களைத் தரையில் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! ஒரு கால் மடக்கி, குனிந்து, வாழைப்பூ ஆய்ந்துகொண்டு.

இடுப்பு அவ்வளவு மடங்கினால் ஸ்டெம்மின் கழுத்து கப்பின், அதாவது இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தின், விளிம்பில் முட்டும். முட்டிய இடம் நெம்புகோல் மாதிரி ஆகி மூட்டு நழுவலாம், இல்லை விளிம்பு தேயலாம். கம்ப்யூட்டரில் திருப்பிப் பார்த்தேன். கப்பைக் கொஞ்சம் சாய்த்தாலே முட்டும் இடம் மாறுகிறது. வசந்தி, நாங்கள் போடும் லோடு கேஸ்களில், அதாவது எப்படியெல்லாம் பாரம் விழும் என்று கணக்கில் எடுக்கும் நிலைமைகளில், நடை இருக்கிறது, படி ஏறுவது இருக்கிறது. அரிவாள்மணை இல்லை. 2010இல் உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு ஒன்றைத் திரும்பப் பெற்றார்களே, அங்கேயும் இதே கதைதான். கப் செங்குத்தாக உட்கார்ந்தவர்களுக்கு விளிம்பில் பாரம் ஏறித் தேய்ந்தது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'பாஸ்' என்று எழுதியபோது நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன்? அளவாக அடி வைத்து நடக்கிற யாரோ ஒருவரை. அம்மாவை இல்லை. மேனேஜரிடம் கேட்டால், "கஸ்டமர் கேட்கலையேம்மா" என்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். "டாக்டர் வாழைப்பூ ஆய்ஞ்சிருக்காரா?" என்று கேட்டாள்.

நான் சொன்னால் காதில் ஏறாது. நீ சொன்னால் ஏறும், ஹாஸ்டல் நாளிலிருந்தே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நேரே இடுப்புக்குப் போகாதே. நார்த்தங்காய் ஊறுகாயில் ஆரம்பி. மேடையில் நின்று நறுக்க நல்ல கத்தி வாங்கி வைத்திருக்கிறேன், அதை நீ அனுப்பியதாகச் சொல்லிவிடு.

உன்
தேனு