குரோமியம் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோமதி,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி மட்டும் ஏறவிடுவதில்லை. சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் தொலைக்காட்சிக்கு விடுமுறை. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? நலம் விசாரிப்பு இத்துடன் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை பாடத்திட்டக் குழுவில் நான் கேட்டது நிறைவேறிவிட்டது. அடுத்த கல்வியாண்டில் சேரப்போகும் பி.எஸ்சி. வேதியியல் மாணவர்கள், எங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த எந்தக் கல்லூரியில் படித்தாலும், தங்கள் ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து அதில் தோல் பதனிடும் ஆலைக் கழிவில் வரும் குரோமியம் இருக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். விருப்பப் பாடமாக ஓரத்தில் தள்ளிவிடப் பார்த்தார்கள், நான் விடவில்லை. கட்டாயச் செய்முறை, தேர்வுக்கும் வரும். இனிக் கல்விக்குழுவும் ஆட்சிக்குழுவும் ஒப்புதல் தர வேண்டும். அங்கே பெரிதாகத் தடை வராது என்று நம்புகிறேன்.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீ கேட்பாய். போன முறை வந்தபோது எங்கள் துறை வராந்தாவில் நின்றுகொண்டு, "உனக்கு இங்கே இன்னும் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டாயே, அன்று சரியாகப் பதில் சொல்லத் தோன்றவில்லை. இன்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் இரண்டாம் ஆண்டுச் செய்முறை வகுப்பை நினைத்துப் பார். பியூரெட்டில் ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட், குடுவையில் இரும்பு உப்பு, டைபினைல் அமீன் இரண்டு சொட்டு. நீலம் கலந்த ஊதா வந்ததும் நிறுத்தி, அளவைக் குறித்துக்கொண்டு, பியூரெட்டில் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றிக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போவோம். (நீ பிப்பெட்டை உறிஞ்சிய கதையை இன்றைய பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். பெயரை மாற்றவில்லை.) அந்த ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான அதே அறு இணைதிறன் குரோமியம், உடலுக்கு நஞ்சான வடிவம், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மூடிக்கிடக்கும் ஆலையின் கழிவு மேட்டில் லட்சக்கணக்கான டன் கழிவோடு கலந்து கிடக்கிறது என்று நமக்கு யாராவது சொன்னார்களா? வாலாஜாவிலிருந்து பஸ்ஸில் வந்து நம்மோடு படித்தவர்களுக்காவது சொன்னார்களா? பாலாறு ஆய்வகத்துக்கு வெளியே ஓடியது, பாடம் உள்ளே நடந்தது.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உனக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் விளைநிலத்திலும் இறங்கியதைப் பற்றியது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது அந்த வழக்கில்தான். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். 2025 ஜனவரியில் பாலாறு மறுபடியும் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில் வந்து நின்றது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் 'வேலூர் வழக்கு' என்று மனப்பாடம் செய்கிறார்கள். வேலூரில் உட்கார்ந்து வேதியியல் படிக்கிற பிள்ளைக்கு அந்த வழக்கின் மையத்தில் இருக்கிற தனிமத்தைத் தன் கிணற்றில் தேடிப் பார்க்கத் தெரியாது. எத்தனையோ ஆண்டாக இது எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கிளப்பிவிட்டவள் ஒரு மாணவி. எம்.எஸ்சி. முதல் ஆண்டு, வீட்டில் முதல் பட்டதாரி. மழை நின்ற மறுவாரம் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர், மேடம். இப்படித்தான் இருக்கிறது" என்றாள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் லேசான மஞ்சள். வேறொரு பாடத்துக்காக வாங்கி வைத்திருந்த, குரோமியத்தை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் டைபினைல் கார்பசைடை எடுத்தோம். தண்ணீரில் அமிலம் சேர்த்து, வினைபொருளை அவளையே ஊற்றச் சொன்னேன். குழாயின் அடியிலிருந்து கத்தரிப்பூ நிறம் எழும்பி மேலே பரவியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். 540 நானோமீட்டர் ஒளியில் வைத்து நிறத்தின் அடர்த்தியை அளந்தோம். குடிநீரில் மொத்தக் குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்தக் கிணறு அதை வெகுவாகத் தாண்டியிருந்தது. "என் தம்பி இதில்தான் குளிக்கிறான்" என்றாள். பாடப்புத்தகத்தில் அதற்கு என்ன பதில் இருக்கிறது, சொல்.

அன்றிரவே வரைவு எழுத உட்கார்ந்தேன். உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் 2023-ல் வந்ததிலிருந்து நம் கையில் எதுவும் இல்லை என்று பலரும் பேசுகிறார்கள். படித்துப் பார்த்தால் இடம் இருக்கிறது. செய்முறையில் ஒரு பகுதியை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் வந்த எதிர்ப்பை உன்னிடம் மறைக்க மாட்டேன். கருவி எங்கே என்று ஒருவர் கேட்டார். வேலைவாய்ப்புக்கு இது உதவாது என்றார் இன்னொருவர். இவற்றுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். என்னை உண்மையிலேயே நிறுத்தியது வேறு ஒரு கேள்வி. ஆம்பூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியர், வயதில் மூத்தவர், மெதுவாகச் சொன்னார்: "அம்மா, என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் அடுப்பு எரிவது தோலாலும் ஷூவாலும்தான். அந்தப் பிள்ளையிடம் உன் அப்பா வேலை பார்க்கும் இடம் ஊரைக் கெடுக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் அங்கேயே வரைவைத் திருத்தினோம். சோதிப்பதோடு பாடம் நின்றுவிடாது. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட காலத்து டானின் வேதியியலிலிருந்து தொடங்கும். குரோம் உப்பு ஏன் வந்தது, எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தியது என்று சொல்லும். தோலில் ஏறாமல் தண்ணீரில் மிஞ்சும் குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு கொண்டு படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, மறுபடி பதனிடவே பயன்படுத்தலாம். சென்னையில் 1948-ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையைத் தோல் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதையும் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள். கடைசிச் சோதனை நம் சொந்தக் குப்பையைப் பற்றியது: ஆய்வகத்தில் மிஞ்சிய டைகுரோமேட்டை அன்னபேதி போட்டு நச்சு குறைந்த மூவிணைதிறன் குரோமியமாக மாற்றி, சுண்ணாம்பால் படியவைத்து, வடிகட்டிய பிறகுதான் வகுப்பை விட்டுப் போக வேண்டும். இனி ஒரு சொட்டும் தொட்டியில் போகாது. அந்த ஆம்பூர்ப் பேராசிரியர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ ஒரு சோதனை முறையை மாற்றினால் உங்கள் கம்பெனியில் அது நாளைக்கே நடக்கும். கருவி வேண்டுமென்றால் வந்துவிடும். இங்கே ஒரு பீக்கர் வாங்கக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்கும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இங்கே ஒரு வரி மாறினால், நான் போகவே போகாத ஊர்களில், நான் பார்க்கவே பார்க்காத பிள்ளைகள் கையில் சோதனைக் குழாய் ஏறுகிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கிறவள், குடியாத்தத்தில் தறி வீட்டிலிருந்து வருகிறவன், ஆரணியில் பட்டு நெசவாளி மகள், எல்லோருக்கும் அதே தாள், அதே செய்முறை. 2021-22 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் உயர்கல்விக்கு வருகிறவர்கள் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28. அந்த வித்தியாசத்தைத் தூக்கிச் சுமப்பது இப்படிப்பட்ட பொதுப் பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளும்தான். விடைத்தாள் திருத்தும் முகாமில் கத்திரி வெயிலில் உட்காரும்போது எனக்கு இது நன்றாகப் புரியும். பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் மட்டும். தமிழ் வழியில் எழுதிய ஒரு தாளில், நீர் மாதிரி எடுக்கும் முறை என்ற கேள்விக்கு, "எங்கள் ஊரில் கோடையில் ஆற்றில் நீர் இருக்காது, ஆகவே மணலைத் தோண்டி ஊற்று நீரை எடுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் அது இல்லை. முதன்மைத் தேர்வாளரிடம் வாதாடி முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்தேன். யார் அந்தப் பிள்ளை என்று எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. நான் அதன் வாத்தியார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

மனதை அழுத்துவது ஒன்றுதான், கோமதி. இந்தச் செய்முறையை யார் நடத்தப் போகிறார்கள்? ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படுவதே இல்லை. எங்கள் துறையில் பாதி வகுப்பை எடுப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் முடித்தவர்கள், கெட்டிக்காரர்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. எங்கள் பிள்ளைகள் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை. கோடை விடுமுறை மாதத்தில் கிடைக்கிற கொஞ்சமும் கிடையாது. கிணற்றுக்குப் போய் மாதிரி எடுத்து வா என்று பஸ் காசுக்கு யோசிக்கிறவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? இதைப் பற்றி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன். கூட்டத்திலும் இதைக் குறிப்பில் ஏற்றச் சொன்னேன், ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு ஓய்வு வருவதற்குள் இரண்டு இடமாவது நிரந்தரமாக நிரம்பிவிட வேண்டும். அது நடக்காமல் நான் நிம்மதியாக வீட்டில் உட்கார மாட்டேன்.

உன்னிடம் இரண்டு உதவி வேண்டும். உங்கள் ஆய்வகத்தில் புதிய கருவி வரும்போது ஒதுக்கிவைக்கும், நிறம் அளக்கும் பழைய கலரிமீட்டர்களை நன்கொடையாகத் தர முடியுமா என்று நிர்வாகத்தில் கேள். விளக்கு எரிந்து, 540-க்குப் பக்கத்தில் வடிகட்டி இருந்தால் போதும். கிராமப்புறக் கல்லூரிகளுக்கே நேராக அனுப்பிவிடலாம், யார் யாருக்கு வேண்டும் என்ற பட்டியல் என்னிடம் இருக்கிறது. கடிதம் எந்த அலுவலர் பெயருக்கு வேண்டும் என்று சொன்னால், முறைப்படி துறை வழியாக அனுப்புகிறேன். இரண்டாவது, ஜூலையில் கல்லூரி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தப்போகிறோம். நீ வந்து அளவீட்டுப் பிழையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். நம் செட்டில் அதை உன்னளவுக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் கிடையாது. பயணப்படி கிடைக்க ஆறு மாதம் ஆகும், அதனால் என் வீட்டில் தங்கிக்கொள். முள்ளுக் கத்தரிக்காய்க் குழம்பும் ஆற்காடு மக்கன்பேடாவும் உண்டு.

நம் தோழி பூங்கொடியிடம் நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். வழக்கம்போல முதல் கேள்வி, "சம்பளம் கூடுமா?"

கலரிமீட்டர் பற்றி முதலில் பதில் போடு. மற்ற கதையெல்லாம் பிறகு எழுதலாம்.

அன்புடன்,
சாந்தி