ஒரு தடவ பட்டுனு அடிச்சா பயப்படாதீங்க, விடாம இழுத்தா சும்மா இருந்துராதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் செல்லூர் பக்கம் வயரிங் வேலை பாக்குறவன். வெயில் ஏற ஆரம்பிச்சாலே "அண்ணே பீரோவுல கரண்ட் அடிக்குது, கொஞ்சம் வந்து பாருங்க"ன்னு போன் வந்துரும். போயி டெஸ்டர வச்சா எரியாது. விசாரிச்சா அந்தக்கா பாலியஸ்டர் நைட்டியோட ஏசி ரூம்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போயி பீரோ கைப்பிடிய தொட்ருப்பாங்க, பட்டுனு ஒரு பொறி, அதோட சரி, உடனே திரும்பத் தொட்டா ஒன்னும் இருக்காது. இது லைன் கரண்டே இல்ல, துணியும் சேரும் உரசி உடம்புல சேர்ற ஸ்டேடிக். 3000 வோல்ட் பக்கம் சேந்தாத்தான் நமக்கு உறைக்கவே செய்யும், ஆனா கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள தீந்துரும், ஆள ஒன்னும் பண்ணாது. பெட்ரோல், பட்டாசு மருந்து பக்கத்துலதான் இது ஆபத்து, சிவகாசி பக்கம் பட்டாசு வேலைக்குப் போறவங்கள காட்டன் துணி போடச் சொல்றது அதுக்குத்தான்.

பருத்தி காத்துல இருக்குற ஈரத்த இழுத்து வச்சுக்கும், 100 கிராமுக்கு 8 கிராம் வரைக்கும் நிக்கும், பாலியஸ்டர்ல அரை கிராம் கூட நிக்காது, ஈரம் இருந்தா சார்ஜ் தங்காம கசிஞ்சு போயிரும். நம்ம சுங்குடி சேலைய விட இந்த வெயிலுக்கு வேற என்ன வேணும்? சிந்தெடிக் சேலதான் கட்டணும்னா உள்பாவாடையாவது காட்டன்ல எடுங்க, கால்ல ஒட்டாது. கடைசி அலசுற தண்ணில துணிய மெதுவாக்குற கம்ஃபர்ட் கொஞ்சம் ஊத்துங்க, கை காலுக்கு தேங்காண்ணெ தடவுங்க, ஏசி ரூம்ல ஒரு ஈரத்துண்ட காயப்போடுங்க. கைப்பிடிய விரலால தொடுறதுக்கு முன்னாடி கையில இருக்குற சாவியால தொட்டா வலிக்காது.

ஆனா நான் முக்கியமா எழுத வந்தது வேற. இது ஸ்டேடிக்தான்னு யாரோ சொன்னத நம்பி லைன் கரண்ட் நெசமாவே சாமான் மேல கசியுற லீக்கேஜையும் அப்படியே விட்டுர்றாங்க சார். பிரிட்ஜ், கிரைண்டர், வாட்டர் ஹீட்டர் எதைத் தொட்டாலும் ஜிவ்வுன்னு கைய எடுக்குற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்தா, வெறுங்காலோட ஈரத்தரையில நிக்கிறப்ப கூடுதலா இருந்தா, அது ஸ்டேடிக்கே கெடையாது. ஒரு வீட்ல பிரிட்ஜ் பிளக்குல மேல இருக்குற தடி பின்ன அறுத்து எடுத்துட்டு ரெண்டு பின் சாக்கெட்டுல சொருகி வச்சிருந்தாங்க, அந்த பின்னுதான் எர்த்து, கசியுற கரண்ட மண்ணுக்குள்ள எறக்கி விடுறது, சின்னப் பிள்ளைக தொறந்து மூடுற பிரிட்ஜு, பாத்ததும் எனக்கு பதறிப் போச்சு. அப்படி இழுத்தா மெயின ஆஃப் பண்ணிட்டு ஆளக் கூப்பிடுங்க. கரண்ட் கசிஞ்சா தானா லைன துண்டிக்குற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) சுவிட்ச் ஒன்னு கட்டாயம் மாட்டிருங்க, காசு பாக்காதீங்க. வெயில் காலத்துல எர்த் குழி காஞ்சு போனா எர்த்து சரியா எடுக்காது, அதுல அப்பப்ப ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க.

எல்லாரும் படிக்கிற மாதிரி இதப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு எலக்ட்ரீசியன், செல்லூர், மதுரை